‘புதுசே வாங்கிரலாம்’ என்னும் தப்புக்கணக்கு

வீட்டுப் பொருள் ஒன்று பழுதானால் அதை வீட்டாரே திறந்து பார்ப்பது வீண்வேலை என்ற கருத்து, தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இன்று ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. அது மூன்று விதமாகப் பேசப்படுகிறது. ஃபேனோ மிக்சியோ நின்றால், ‘ரிப்பேருக்குக் குடுக்குற காசுக்குப் புதுசே வாங்கிரலாம்’ என்பார்கள். கதவு இழுத்தால், அலமாரி ஆடினால், ‘ஆசாரி வேலையெல்லாம் நமக்கெதுக்கு’ என்பார்கள். குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் வீட்டிலிருக்கும் பழைய கணினியில் வைத்து அதையே சொந்த சர்வராக ஓட்டலாம் என்று ஒருவர் சொன்னால், ‘அதான் கூகுள் இருக்கே, எதுக்கு மெனக்கெடணும்’ என்பார்கள். மூன்று பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு: வீட்டாரின் நேரத்துக்கு விலை உண்டு, பொருளைப் பற்றிய அறிவுக்கு விலை கிடையாது. இந்தக் கணக்கை வரிவரியாகச் சரிபார்த்தால் அது நிற்காது.

பார்க்காமலே எழுதும் தீர்ப்பு

ஒரு பொருள் ‘போயிருச்சு’ என்று சொல்லப்படும்போது போயிருப்பது பெரும்பாலும் அதன் ஒரு சிறு உறுப்புதான். சாதாரண சீலிங் ஃபேனில் இருப்பது சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் ஓடும் மோட்டார். சிங்கிள் பேஸ் மின்சாரத்தால் தானாகச் சுழற்சியைத் தொடங்கிவைக்க முடியாது. அதற்காக மோட்டாரில் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றோடு கெபாசிட்டரைச் சேர்த்திருப்பார்கள். கடைத்தெருவில் அதற்குப் பெயர் கண்டன்சர். ஒரு சுருளின் மின்னோட்டத்தை மற்றதைவிடச் சற்று முந்தவைத்து, இறக்கைக்கு முதல் தள்ளு தருவது அதன் வேலை. வீட்டு ஃபேனில் அதன் அளவு பொதுவாக 2.5 மைக்ரோஃபேரட். கூரைச் சூட்டிலும் ஏறி இறங்கும் வோல்டேஜிலும் சில ஆண்டுகள் கிடந்தால் அந்த அளவு குறையும். குறையக் குறைய ஃபேன் சோம்பும். கடைசியில் ‘உம்’ என்று முனகிக்கொண்டு நிற்கும். அப்போது ஒரு குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளிவிட்டதும் சுற்ற ஆரம்பித்தால், பேரிங் இறுகிப்போகவில்லை, ஓடும் சுருளும் எரிந்துபோகவில்லை என்று பொருள். முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது நூறு ரூபாய்கூட ஆகாத கண்டன்சரை. மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்து, ஃபேனின் மேல்மூடியை இறக்கினால் அது கண்ணுக்குத் தெரியும். பழையதில் அச்சிட்ட அதே அளவைக் கடையில் கேட்டு வாங்கி, அதே ஒயர்களில் இணைத்து, இணைப்பை இன்சுலேஷன் டேப்பால் மூடினால் வேலை முடிந்தது.

மிக்சியின் கதை இதைவிட எளியது. கெட்டியாக எதையாவது அரைக்கும்போது சட்டென நிற்கும் மிக்சியில் பல சமயம் எதுவுமே கெட்டிருக்காது. மோட்டார் அளவுமீறிச் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோடு சுவிட்ச் ஒன்று அடிப்பக்கத்தில், பெரும்பாலும் சிவப்புப் பொத்தானாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, சிறிது நேரம் ஆறவிட்டு, மிக்சியைச் சாய்த்து, துருத்தி நிற்கும் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். இந்த ஒரு பொத்தானைப் பற்றித் தெரியாததால் கடைக்குப் போய்த் திரும்பும் மிக்சிகள் உண்டு. அடுத்ததாகத் தேய்வது, ஜாரும் மோட்டாரும் சேரும் இடத்துக் கப்ளர். சுமை ஏற ஏற இறுகும்படி அதன் மரை வெட்டப்பட்டிருப்பதால், பல மிக்சிகளில் வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருகினால்தான் அது கழலும். இது தெரியாமல் இடப்பக்கம் மல்லுக்கட்டி உடைத்தவர், ‘நமக்கு வராத வேலை’ என்று முடிவுகட்டிவிடுகிறார். அவருக்கு இல்லாமல் போனது ஒரு வரித் தகவல் மட்டுமே.

புதிது வாங்குவதற்கும் நியாயமான இடம் உண்டு. அதையும் கணக்குப் போட்டே சொல்ல வேண்டும். பழைய வகை ஃபேன் ஏறக்குறைய 75 வாட் எடுக்கிறது. பிஎல்டிசி வகை ஃபேன் 28 முதல் 35 வாட்டில் ஓடுகிறது. நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை 28 வாட் ஃபேனாக மாற்றினால் இரண்டு மாத பில்லில் சுமார் 34 யூனிட் மிச்சமாகும். மேல் விகிதத்தில் கட்டணம் கட்டும் வீட்டுக்கு இது நல்ல ஆதாயம். ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த வரம்புக்குள்ளேயே இருக்கும் வீட்டில், 34 யூனிட் குறைந்தாலும் பில்லில் ஒரு ரூபாயும் குறையாது. அதோடு பிஎல்டிசி ஃபேனை ஓட்டுவது ஒரு மின்னணுப் பலகை. அது போனால் கண்டன்சர் மாற்றுவதுபோல் மாற்றிவிட முடியாது. ஆக, புதுசு லாபமா என்பதற்கு எல்லா வீட்டுக்கும் பொதுவான விடை இல்லை. மின்கட்டண அட்டையை எடுத்துப் பார்த்தால் அந்தந்த வீட்டுக்கான விடை கிடைக்கும். பேச்சில் வரும் தீர்ப்போ அட்டையைப் பார்ப்பதே இல்லை.

நேரத்தின் விலை

‘ஒரு மணி நேரம் மெனக்கெடுவதற்கு அந்த நேரத்தில் சம்பாதிக்கலாம்’ என்பது படித்தவர் வாயில் வரும் வாதம். இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, மாற்று வழிக்கு ஆகும் நேரம் கணக்கில் வரவில்லை. கடைக்குப் போய்வருவது, ஆளை அழைத்துவிட்டு ‘இந்தா வாரேன்’ என்ற பதிலை நம்பி அரைநாள் வீட்டில் காத்திருப்பது, வந்தவர் பொருள் வாங்கப் போய்த் திரும்புவது எல்லாம் நேரம்தான். இரண்டு, முதல்முறை ஆகும் நேரத்தை எல்லா முறைக்கும் ஆகும் நேரமாக எடுத்துக்கொள்கிறார்கள். குழாயில் வாஷர் மாற்ற முதல்முறை ஒரு மணி நேரம் போகும். தண்ணீரை எங்கே அடைப்பது, எந்த ஸ்பேனர் பொருந்தும், டெஃப்லான் டேப்பை மரையின் போக்கிலேயே சுற்ற வேண்டும் என்பதையெல்லாம் கற்கும் நேரம் அது. அடுத்தமுறை பத்து நிமிடம் போதும். கற்றது அந்த ஒரு குழாயோடு நிற்பதுமில்லை. வீட்டில் இருக்கும் எல்லாக் குழாய்க்கும் செல்லும்.

தானே சரிசெய்யாவிட்டாலும் பழுதைக் கண்டறிவது பயன் தரும். ‘மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சு’ என்று யாரோ சொல்வதை, எரிந்த வார்னிஷ் வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்த்தவரிடம் சும்மா சொல்லிவிட முடியாது. பார்க்கத் தெரிந்தவருக்கு நல்ல மெக்கானிக் யார் என்பதும் தெரியும்.

இங்கே இன்னொரு மறுப்பு வரும்: எல்லாரும் தாங்களே செய்துகொண்டால் பழுதுபார்ப்பவர் பிழைப்பு என்னாவது? பழுது பார்க்கும் கடைகள் எதனால் நலிகின்றன என்று பார்த்தால் இந்தக் கேள்வியின் திசை மாறிவிடும். வீட்டில் கண்டன்சர் மாற்றியவர்களால் எந்த ரீவைண்டிங் பட்டறையும் மூடப்படவில்லை. பொருளைத் திறக்காமலே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடும் வழக்கம்தான் பட்டறைக்கு வேலை வராமல் செய்கிறது. சிறு பழுதைத் தானே பார்ப்பவர் பெரிய பழுதுக்குப் பட்டறைக்குப் போகிறார்; பொருளைத் தூக்கிப்போடுபவர் அங்கே போவதே இல்லை.

தோட்டத்தில் ஒரு நியாயம், வீட்டில் ஒரு நியாயம்

நேரமும் காசும் மட்டுமே காரணமாக இருந்தால் இந்தக் கருத்து தோட்டத்துக்கும் பொருந்த வேண்டும். பொருந்துவதில்லை. சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் மோட்டார் நின்றால் சம்சாரி முதலில் தானே ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்க்கிறார். மூன்று பேஸும் வருகிறதா, ரிலே விழுந்திருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று வரிசையாகச் சோதிக்கிறார். கரண்டு வந்ததும் தானாக ஓட ஆட்டோ ஸ்விட்ச் வைக்கிறார். சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டரை வாங்கி, வீட்டிலிருந்தே செல்போனில் மோட்டாரை ஓட்டி நிறுத்துகிறார். பயிர் வாடும்போது ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் வந்த திறமை இது. 415 வோல்ட் ஸ்டார்ட்டரோடு பழகிய அதே கை, வீட்டு மிக்சியின் அடிமூடியில் இருக்கும் நாலு ஸ்குருவைத் தொட மறுக்கிறது. அங்கே தடுப்பது திறமைக் குறைவோ நேரக் குறைவோ ஆக முடியாது.

தடுப்பது கைவேலையைப் பற்றிய தாழ்வெண்ணம். உளியும் இழைப்புளியும் ஒரு சாதியின் தொழிற்கருவிகள் என்றும், அவற்றைப் பிடிப்பது படித்த வீட்டுக்கு அழகில்லை என்றும் நம்பிய சமூகத்தின் மிச்சம் ‘ஆசாரி வேலை நமக்கெதுக்கு’ என்ற வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வேலையைத் தாழ்த்துகிறவர்களே அதன் கூலியையும் பேரம் பேசிக் குறைக்கிறார்கள். ஒரு துளையில் ஒரு கழுந்தைச் சிக்கெனப் பொருத்தத் தானே ஒரு முறை முயன்றவர், அதற்கு ஆசாரி கேட்கும் கூலியைப் பிறகு குறைத்துப் பேசமாட்டார். பெண்கள் விஷயத்தில் இதே எண்ணம் வேறு முகம் காட்டுகிறது. மிக்சியையும் கிரைண்டரையும் அன்றாடம் கையாள்பவர்கள் பெண்கள். எந்தச் சத்தம் வழக்கமானது, எது புதிது என்பது அவர்களுக்கே முதலில் தெரியும். திருப்புளி மட்டும் அவர்கள் கைக்குப் போவதில்லை. பழுதைக் கண்டறியும் திறமை ஒருவரிடமும் கருவி இன்னொருவரிடமும் இருக்கும் வீட்டில், ரிப்பேர் கட்டுபடியாகாது என்று தோன்றுவதில் வியப்பில்லை.

மரம் அசைவது

மரவேலை பற்றிய பொதுக்கருத்து, ‘மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், அதனால் வேறு எதையாவது போடு’ என்பது. முதற்பாதி உண்மை. ஆனால் மரம் எப்படி அசைகிறது என்று தெரிந்தால் இரண்டாம் பாதி தேவைப்படாது. மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. குறுக்குவாக்கில்தான் ஈரம் குடித்து விரியும், காய்ந்து சுருங்கும். 900 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பலகைகளைப் பக்கம்பக்கமாக ஒட்டிச் செய்த கதவு ஒரு சதவீதம் விரிந்தால் 9 மில்லிமீட்டர் கூடிவிடும். அதே அகலத்தில் சட்டம் கட்டிய கதவில், இரு பக்கமும் 100 மில்லிமீட்டர் நெடுஞ்சட்டங்கள் மட்டுமே குறுக்காக விரியும். குறுக்குச் சட்டம் நீளவாக்கில் கிடப்பதால் அசையாது. கூடுவது 2 மில்லிமீட்டர். நடுவிலுள்ள பலகையைப் பழைய ஆசாரிகள் பசையோ ஆணியோ இல்லாமல் சட்டத்தின் காடியில் சும்மா நிறுத்தியிருப்பார்கள். விரிந்தாலும் சுருங்கினாலும் அது காடிக்குள் நகர்ந்துகொள்ளும். பின்னால் வந்தவர்கள் அந்த இடுக்கில் பெயின்ட்டை வழியவிட்டு இறுக்கியபிறகுதான் பலகை வெடிக்கிறது. பழி மரத்தின்மேல் விழுகிறது.

இந்த மாவட்டத்தில் ஈரத்தின் போக்கு ஊருக்கு ஊர் வேறு. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கூடலூர், கம்பம் பக்கம் சாரலோடு இறங்கும். ஆண்டிபட்டிப் பக்கம் போகும்போது அதே காற்று ஈரத்தை மலையில் விட்டுவிட்டு வறட்டுக் காற்றாக அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை எல்லா இடத்தையும் நனைக்கும். அந்த மாதங்களில் கதவு இழுக்கும். உடனே ஆளைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னால், பங்குனி, சித்திரையில் கதவுக்கும் நிலைக்கும் இடையே பல்லி நுழையும் சந்து விழும். சரியான வரிசை வேறு. முதலில் கீல்களைப் பார்க்க வேண்டும். மேல்கீலின் ஸ்குரு தளர்ந்து கதவு தொங்கினால், பூட்டுப் பக்கத்து மேல்மூலை நிலையிலும் கீழ்மூலை வாசற்படியிலும் உரசும். அதற்கு இழைப்புளியே வேண்டாம். ஸ்குருவைக் கழற்றி, பெருத்துவிட்ட ஓட்டையில் மருந்து நீக்கிய தீக்குச்சிகளையோ மூங்கில் சிம்பையோ மரப்பசையில் தோய்த்துச் செருகி, காய்ந்ததும் மறுபடி ஸ்குரு முடுக்கினால் கதவு தன் இடத்துக்கு வரும். கீல் உறுதியாக இருந்து, விளிம்பு நெடுக ஒரே சீராக உரசினால் அது ஈரத்தின் வேலை. நிலையில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக் கதவைச் சாத்தினால் உரசும் இடத்தில் வெள்ளை ஒட்டும். அந்த இடத்தை மட்டும் ஓரிரு சீவல் எடுத்துவிட்டு, கோடையில் மரம் நன்றாகக் காய்ந்தபிறகு கதவின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் பெயின்ட்டோ வார்னிஷோ பூசி அடைக்க வேண்டும். கண்ணில் படாதவை என்று பூசாமல் விடப்படும் அந்த இரண்டு விளிம்புகளில்தான் நெடுஞ்சட்டத்தின் வெட்டுமுனை திறந்து கிடக்கிறது; மரம் தண்ணீர் குடிப்பது அந்த வழியாக.

அலமாரியிலும் இதே கதைதான். ‘ரெடிமேட்’ அலமாரிகளில் பல, மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகையால் ஆனவை. அடிப்பக்கம் ஒருமுறை நனைந்தால் உப்பும். உப்பியது திரும்ப அடங்காது, ஸ்குருவும் பிடிக்காது. அங்கே ‘புதுசே வாங்கிரலாம்’ என்பது உண்மையாகிவிடுகிறது. பழுது பார்க்க முடியாதபடி செய்த பொருளை வாங்கியதன் விளைவு அது. சமையலறைக்கும் குளியலறை ஓரத்துக்கும் பிளைவுட் வாங்குபவர் பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தண்ணீர் தாங்கும் மரைன் வகைக்கான தரக்குறி அது. சாதாரண வகைக்கு ஐஎஸ் 303. மலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கும், தெருவோரத்து வேம்பும் வாகையும் நன்றாகக் காய்ந்தபின் தட்டும் பெஞ்சும் செய்யத் தகுந்தவை. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் காயவிடுவது பழைய வழக்கம். அந்தப் பொறுமை இல்லாமல் செய்த சாமான் கோணிக்கொண்டால் அந்தக் குற்றத்தையும் மரத்தின்மேல் ஏற்றக்கூடாது.

அடுத்தவர் வீட்டில் இருக்கும் பெட்டி

சொந்த சர்வர் பற்றிய பேச்சில் இரண்டு நம்பிக்கைகள் உள்ளன: கிளவுட் இலவசம், கிளவுட் நிரந்தரம். கூகுள் போட்டோஸின் அளவற்ற இலவச இடம் 2021 ஜூன் 1 அன்று முடிந்தது. அதன்பின் ஏறும் படங்கள், ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத் தரப்படும் 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படாத தனிநபர் கணக்குகளை நீக்குவது என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இறந்துபோன தந்தையின் செல்போனைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் குடும்பம் இந்த விதியை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

நிரந்தரம் பற்றித் தமிழர்களுக்கு நேரடி அனுபவமே உண்டு. 2000-களின் தொடக்கத்தில் இணையத் தமிழ் வளர்ந்த இடங்களில் யாஹூ குழுமங்கள் முக்கியமானவை. ‘மரத்தடி’யும் ‘ராயர் காபி கிளப்’பும் அங்கே இயங்கின. யாஹூ 2019 டிசம்பரில் குழுமங்களின் பழைய உள்ளடக்கத்தை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. அதற்கு முன்பே 2009-இல் ஜியோசிட்டீஸும், 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட்டும் போயின. ஒவ்வொரு முறையும், தம் கணினியில் படி எடுத்து வைத்திருந்தவர்களிடம் மட்டும் எழுத்தும் படமும் தங்கின.

வீட்டு சர்வருக்குத் தேவையானவை பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஒதுக்கிவைத்த லேப்டாப், ஒரு ஹார்டு டிஸ்க், டெபியன் போன்ற ஒரு லினக்ஸ், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், படங்களுக்கு இம்மிச், பாட்டுக்கும் சினிமாவுக்கும் ஜெல்லிஃபின். மென்பொருள்கள் எல்லாமே இலவசம். சராசரியாக 15 வாட் எடுக்கும் லேப்டாப்பை இரவுபகலாக ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 21.6 யூனிட் ஆகும். 5 வாட் எடுக்கும் ராஸ்பெரி பை என்றால் 7.2 யூனிட். கரண்டு போய் வரும் ஊரில் லேப்டாப்புக்கு ஒரு வசதி உண்டு: அதன் பேட்டரியே யுபிஎஸ் வேலையைப் பார்க்கிறது. ராஸ்பெரி பையின் மெமரி கார்டு திடீர் மின்வெட்டில் கெடக்கூடியது. ஆனால் பழைய லேப்டாப்பின் பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றிவிட்டே ஓட்ட வேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பற்றும்.

வழக்கமான தடங்கல் ஒன்று வெளியிலிருந்து இணைப்பது. பைபர் இணைப்பு தரும் நிறுவனங்கள் பலவும் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் வழியிலேயே நின்றுவிடும். ரவுட்டரில் போர்ட் திறந்து பார்த்துத் தோற்றவர்கள் இதை வைத்தே ‘வீட்டில் சர்வர் ஓடாது’ என்கிறார்கள். ஐபிவி6 கிடைக்கும் இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி உண்டு. அது கிடைக்காத இடத்தில் ஒயர்கார்டு முறையில் இயங்கும் டெயில்ஸ்கேல் போன்ற ஒரு தனிவலையைச் செல்போனிலும் சர்வரிலும் நிறுவினால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். போர்ட் எதையும் உலகத்துக்குத் திறந்துவைக்க வேண்டியதில்லை. பாதுகாப்புக்கும் அதுவே நல்லது.

‘வீட்டு டிஸ்க் போய்விட்டால்?’ என்ற கேள்வி சரியானது. கட்டாயம் ஒருநாள் போகும். அதற்கு விடை 3-2-1 என்ற பழைய வழக்கம்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். தேனி வீட்டு சர்வரில் ஒன்று, கழற்றி வைக்கும் டிஸ்கில் ஒன்று, போடியில் இருக்கும் அக்கா வீட்டு டிஸ்கில் ஒன்று என்று வைத்தால் தீயோ திருட்டோ வெள்ளமோ மூன்றையும் ஒருசேரக் கொண்டுபோகாது. மூன்றாவது படியாகக் கிளவுடையே வைத்துக்கொண்டாலும் தவறில்லை. ஒரே படியை ஒரே நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் மறுக்கப்பட வேண்டியது. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு கோப்பைப் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்க்கவும் வேண்டும். இவற்றிலிருந்து ஒதுக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: மின்னஞ்சல் சர்வர். வீட்டு இணைப்பிலிருந்து போகும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் குப்பைக்கோ வாசலுக்கு வெளியிலோ தள்ளிவிடும். அதை மட்டும் வெளியே விடுவதே சரி.

விலையை யார் ஏற்றியது

ரிப்பேர் செலவும் புதிய பொருளின் விலையும் நெருங்கிவிட்டன என்பது பல பொருள்களில் உண்மை. அது இயற்கையாக நேர்ந்த ஒன்றுபோலப் பேசப்படுவதே தவறு. பேட்டரியைப் பசையிட்டு ஒட்டுவது, உதிரிப் பாகத்தை விற்காமல் வைத்துக்கொள்வது, விற்றாலும் முழுப் பலகையாக மட்டும் விற்பது எல்லாம் தயாரிப்பாளர் எடுக்கும் முடிவுகள். அதனால்தான் சட்டங்கள் வந்தன. பிரான்ஸ் 2021 ஜனவரியிலிருந்து செல்போன், லேப்டாப் போன்றவற்றின்மேல் பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் போட வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான ஆணையை நிறைவேற்றியது. இந்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று இதே உரிமைக்கு ஓர் இணையதளம் தொடங்கி, வேளாண் கருவி, செல்போன் மற்றும் மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கு துறைகளின் தகவலையும் ஒரே இடத்தில் சேர்க்க முனைந்தது. ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் தொடங்கிய ரிப்பேர் கஃபே முறை, பழுதான பொருளோடு வருபவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சரிசெய்யக் கற்றுத்தருகிறது. 2015-இல் அது பெங்களூருக்கும் வந்தது. 2022-இல் உலகம் கழித்துப்போட்ட மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரிக்கப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டும். கணக்கில் வராத மிச்சத்தின் செலவை, ‘புதுசே வாங்கிரலாம்’ என்பவர் தம் கணக்கில் எழுதுவதில்லை.

பழையது என்றால் பலவீனமா

பழைய பொருளை ஒட்டுப்போட்டு ஓட்டுவது ஆபத்து என்ற அச்சத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கே பதில் வைத்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குத் தண்ணீர் தருவது 1895-இல் திறக்கப்பட்ட, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய பெரியாறு அணை. 1979-இல் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டபின் அணையை இடிக்கவில்லை, பலப்படுத்தினார்கள். முகட்டில் கான்கிரீட் பாரம் ஏற்றினார்கள். அணையின் உடலைத் துளையிட்டு எஃகு வடங்களால் அடிப்பாறையோடு இழுத்துக் கட்டினார்கள். பின்புறம் கான்கிரீட் முட்டுக்கொடுத்தார்கள். புதிய அணையே வேண்டும் என்ற கேரளத்தின் வாதத்தையும் கேட்டபின், 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது. மராமத்து என்பது இங்கே வயிற்றுப்பாட்டோடு கலந்த சொல். ஏரியையும் வாய்க்காலையும் பயன்படுத்துவோரே தூர்வாரிச் செப்பனிடும் குடிமராமத்து தமிழகத்தின் பழைய வழக்கம். 1858-இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக்கினார்கள், 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் தொடங்கியது. தோட்டத்து வாய்க்காலை முறைபோட்டுச் செதுக்கும் ஊரில், வீட்டுக் குழாயைச் செப்பனிடுவது மட்டும் கஞ்சத்தனம் ஆகிவிடாது.

தொடக்கூடாதவை

அதே அணை எதிர்ப்பக்கத்துக்கும் சான்று தருகிறது: அதைப் பலப்படுத்தியவர்கள் கணக்குப் போட்டுச் செய்த பொறியாளர்கள். தானே செய்யலாம் என்ற வாதம் எல்லா வேலைக்கும் நீளாது. கேஸ் இணைப்பு, மின்கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் சர்வீஸ் ஒயர், ஏசியின் வாயு, தளத்தைத் தாங்கும் தூணும் உத்தரமும் ஆகியவற்றை வீட்டார் தொடக்கூடாது. மைக்ரோவேவ் அடுப்பையும் பழைய பிக்சர் டியூப் டிவியையும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் திறக்கக்கூடாது; உள்ளே தேங்கிய உயர் மின்னழுத்தம் ஆளைக் கொல்லும். வீட்டு ஒயரிங்கில் எதைத் தொடுவதற்கு முன்னும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்றைத் தகுதிபெற்ற எலக்ட்ரீஷியனிடம் பொருத்திக்கொள்வது நல்லது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாதபோது, அதாவது மின்சாரம் மனித உடல் வழியாகத் தரைக்குக் கசியும்போது, அது நொடியில் சிறு பங்குக்குள் இணைப்பைத் துண்டிக்கும்.

எல்லைக்கோடு எங்கே என்பதைத் தொழிலின் பெயரோ சாதியின் பெயரோ சொல்லாது. தவறினால் என்ன ஆகும் என்பதுதான் சொல்லும். தவறினால் ஒரு பலகை வீணாகும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், சர்வரை மறுபடி நிறுவ வேண்டிவரும் என்றால் அது வீட்டாரின் வேலை. தவறினால் உயிர் போகும், அடுத்த வீடும் பற்றும், கட்டடம் இறங்கும் என்றால் அது தேர்ந்தவரின் வேலை. ‘எல்லாம் தெரிஞ்சவங்க பாத்துக்குவாங்க’ என்ற கருத்தில் இருக்கும் உண்மை இந்த இரண்டாம் வகையோடு முடிகிறது. ஃபேனின் கண்டன்சரும், மிக்சியின் சிவப்புப் பொத்தானும், இழுக்கும் கதவும், குடும்பப் படங்கள் இருக்கும் டிஸ்கும் முதல் வகையில்தான் வருகின்றன.